வாகை நிழலில் இடமில்லாதவர்

மரத்தை வெட்டி நாலாம் நாள், முத்துப்பேச்சி செத்த மறுநாள், வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு, வாகை மரத்தின் நிழல் மட்டும் திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. மரம் இல்லை. அடிக்கட்டைகூட இல்லை, அதையும் ஜேசிபி வைத்துத் தோண்டி, குழியை மூடி, மேலே சரளை பரப்பி உருட்டியிருந்தார்கள். ஆனாலும் நிழல் வந்தது, கிளை கிளையாக வந்தது, காய்ந்த நெற்றுகள் காற்றில் ஆடுவதுகூடத் தெரிகிற மாதிரி வந்தது, வெயில் ஏற ஏற மேற்கே நீண்டு கிடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்டிக்கொண்டு உச்சிப் பொழுதில் ஒரு கல்யாணப் பந்தல் அகலத்துக்கு வட்டமாக நின்றது. வெயிலுகந்தபுரத்துக்காரர்களான நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. முதல் நாள் சாயங்காலம்தான் ஒரு பெண்ணைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்திருந்தோம், சித்திரை மாதம் வேறு, நிழல் என்று ஒன்று கிடந்தால் போய் உட்கார வேண்டியதுதானே என்று போய் உட்கார்ந்தோம்.

அந்த இடத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சாத்தூரிலிருந்து தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே, வெப்ப ஆராய்ச்சி நிலையம். பூமி சூடாகிக்கொண்டே போகிறதாம், இனிமேல் மனிதர்கள் வெயிலில் எப்படிப் பிழைப்பது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம், அதற்கு எங்கள் ஊரைவிடத் தோதான ஊர் கிடையாதாம். அதில் எங்களுக்கும் சந்தேகம் இல்லை. கட்டடமே ஓர் ஆராய்ச்சி என்றார்கள்: ஏசி கிடையாது, வெளியிலிருந்து கரண்ட் கிடையாது, கூரையில் இருக்கிற சோலார் தகடுகளே எல்லாவற்றுக்கும் போதும், மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே போகாது, ஒவ்வொரு சுவருக்குள்ளும் சூட்டை அளக்கிற கருவி இருக்கும், ஒரு வருஷம் முழுக்க அளந்து காட்டினால் உலகத்துக்கே பாடம் ஆகும் என்றார்கள்.

வரைந்தவர் சீனியம்மாள். சாத்தூர்க் காராச்சேவுக் கடைக்காரர் மகள், பெயரில்தான் சீனி. ஒரு கோடு போடுவதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க அந்த வாகை மரத்தடியில் வந்து உட்கார்ந்தார்; கிளைகளில் நாடா கட்டி எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று பார்த்தார்; எங்களிடமும் கேட்டார். மத்தியானம் நாய் எங்கே படுக்கிறதோ அங்கே வீட்டைக் கட்டுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னோம், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசியில் மரத்தை நடுவில் விட்டு லாடம் மாதிரி வளைத்து ஒரு கட்டடம் வரைந்தார். தென்மேற்குக் காற்று மரத்துக்குள் புகுந்து, குளிர்ந்து, ஒவ்வொரு அறைக்கும் போய்ச் சேரும். அந்தக் கட்டடத்துக்கு நுரையீரலே அந்த மரம்தான் என்று எங்களுக்கு விளக்கினார்.

இயக்குநர் சந்திரகாசன் அதற்கெல்லாம் தலையாட்டினார். நல்ல பேச்சுக்காரர். மேடையில் அவர் மரம் என்று சொன்னால் கேட்கிற நமக்கே குளிரும். அவருக்கு வேண்டியிருந்தது பசுமைக் கட்டடங்களுக்குக் கொடுக்கிற மரகதச் சான்றிதழ். தங்கத்துக்கு மேலே வைரம், வைரத்துக்கு மேலே மரகதமாம், நாட்டிலேயே மூன்று கட்டடங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறார்களாம். அதன் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர். ஏற்கெனவே நிற்கிற மரத்துக்கு அதில் மதிப்பெண் கிடையாது. பொட்டல் காட்டில் புதிதாகக் கன்று நட்டால் உண்டு. எண்பது வயது வாகை இருந்தால் சுழி, அதை வெட்டிவிட்டு முழங்கால் உயரத்துக்கு இருநூற்று நாற்பது கன்று வைத்தால் முழு மதிப்பெண். படித்தவர்கள்தான் இப்படி ஒரு கணக்கைப் போட முடியும், எங்களுக்கு வராது.

சீனியம்மாள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையில் ரம்ப மெஷின் வந்தது. திங்கட்கிழமை அவர் வந்து பார்த்துவிட்டுச் சந்திரகாசனைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. ஆனால் மத்தியானத்துக்குள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். 'இந்த மனையில் மரம் ஏதும் இருந்ததில்லை' என்று அதில் இருந்தது. போடாவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொன்னார்களாம், எட்டு வருஷக் கனவாம், கை தானாகப் போட்டுவிட்டதாம். இதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. அவரும் மறைத்ததில்லை.

புதன்கிழமை ரூஃப் கான்கிரீட். கான்கிரீட் போட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அந்த இடத்தில் தளம் ஒட்டாமல் பின்னால் ஒழுகும், அது கொத்து வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதுவரை அந்த மாதிரி நாட்களில் ஆள் மாற்றி ஆள் வாகை மரத்தடிக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு வருவார்கள். அன்று போவதற்கு மரம் இல்லை. முத்துப்பேச்சி அங்கே சித்தாள், இருபத்தாறு வயது, அவளும் அக்கா அய்யம்மாளும் ஒன்றாகத்தான் வேலைக்கு வருவார்கள். ஒரு மணிக்கு அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்த சந்திரகாசனிடம் போனாள்.

"அய்யா, கண்ணு இருட்டுது. அரை மணி நேரம் எங்கனயாச்சும் உக்காந்துட்டு வாரேன்."

"இன்னும் கொஞ்சந்தாம்மா இருக்கு. முடிச்சுட்டு நிம்மதியா உக்காரு."

அவள் திரும்பப் போய்ச் சட்டியைத் தூக்கினாள். ஒன்றரை மணிக்கு மணல் குவியல் பக்கத்தில் விழுந்தாள். தூக்கினவர்களுக்குக் கை சுட்டது. சந்திரகாசன் தளம் முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு, கட்டட அலுவலகத்துக்குப் போய் விபத்துப் பதிவேட்டை எடுத்து, 'வீட்டில் மாரடைப்பால் இறந்தார்' என்று எழுதினார். கட்டும்போது ஒருவரும் சாகக் கூடாது என்பதும் மரகதத்துக்கு ஒரு விதி. அதிலும் வெயிலில் சாகாமல் இருப்பது எப்படி என்று ஆராய்கிற கட்டடத்தில் ஒருத்தி வெயிலில் செத்தாள் என்று வெளியே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அய்யம்மாள் அந்த அலுவலகத்துக்குப் போனாள். நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றோம்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்யா," என்றாள். "அந்த நோட்டுல உள்ளத மாத்தி எழுதுங்க. எந்தங்கச்சி வெயில்ல செத்தா. நீங்க மரத்த வெட்டுன எடத்துல செத்தா. அம்புட்டுத்தான்."

"டாக்டரே மாரடைப்புன்னுதானேம்மா எழுதிக் குடுத்திருக்கார்," என்றார் சந்திரகாசன்.

"நெஞ்சு நிக்காம யாருய்யா செத்திருக்கா? நெஞ்ச நிறுத்துனது எதுன்னு எழுதுங்க."

அவர் பதிவேட்டை மூடி மேசைக்குள் வைத்தார். அய்யம்மாள் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. நேரே போய் நிழலில் உட்கார்ந்து சோற்றுத் தூக்கைத் திறந்தாள். அவர் எழுதுகிற வரைக்கும் இந்த வேலையை விடமாட்டேன், இந்த இடத்தை விட்டு அசையவும் மாட்டேன் என்று எங்களிடம் சொன்னாள்.

நிழல் ஊரோடு ஒட்டிக்கொண்டது. குருவையா டீக்கடையைப் பெயர்த்துக்கொண்டு வந்து அதன் ஓரத்தில் போட்டார், நிழல் நகர நகர அவரும் பெஞ்சை நகர்த்திப் பழகிக்கொண்டார். டவுன் பஸ் டிரைவர் நிறுத்தத்தில் நிற்காமல் நிழலில் நிறுத்தினார், கேட்டால் பஸ்ஸுக்கும் உயிர் இருக்கிறது என்றார். காக்கைகள்தான் முதலில் பாவம், நிழலில் தெரிந்த கிளையை நம்பி மேலே வந்து உட்காரப் பார்த்துத் தடுமாறி விழுந்தன, ஒரு வாரத்தில் அவையும் தேறித் தரையில் கிடக்கும் நிழல் கிளையிலேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டன. தை மாதம் நிழல் இலையுதிர்த்துச் சல்லடையானது, பங்குனியில் மறுபடி அடர்ந்தது. பொண்ணு பார்க்க வந்தவர்களை அங்கே உட்காரவைத்தோம், பஞ்சாயத்துக் கூட்டத்தை அங்கே நடத்தினோம், இரண்டு குடும்பங்கள் இடத்துக்கு அடித்துக்கொண்டபோது கிழக்குக் கிளை இவர்களுக்கு, மேற்குக் கிளை அவர்களுக்கு என்று பிரித்துக்கொடுத்தோம். கட்டடம் முடிந்து ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகள் கருவி வைத்து அளந்து, வெளியே நாற்பத்தொன்று, இங்கே முப்பத்துமூன்று என்று குறித்துக்கொண்டார்கள். எப்படி வந்தது என்பதற்கு அவரவர் ஒன்று சொன்னார்கள். சீனியம்மாள் தன் சொந்த வரைபடத்திலிருந்து மரத்தை அழிக்கவே இல்லை, அதனால்தான் என்றார்கள் சிலர். முத்துப்பேச்சி கேட்ட அரை மணி நேரம் என்றார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் டீ குடிக்க நல்ல இடம்.

ஒரே ஒருவர் மேல்தான் அது விழவில்லை. சந்திரகாசன் உள்ளே கால் வைத்தால் நிழலில் அவர் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அவர் நகர்ந்தால் ஓட்டையும் நகர்ந்தது, உட்கார்ந்தால் சின்னதானது. முதல் நாள் பார்த்தபோது சிரிப்பு வந்தது. குருவையா, "சாருக்கு மட்டும் மேல இருந்து லைட்டுப் போட்டிருக்காங்க," என்றார். சந்திரகாசன் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அதைவிட அவரை வாட்டியது கூரை. வாகை நிழல் தரையோடு நிற்காமல் மேலேறிச் சோலார் தகடுகள் மேலும் படுத்துக்கொண்டது. நூறு பங்கு கரண்ட் வர வேண்டிய இடத்தில் நாற்பது வந்தது. தகடுகளைக் கிழக்கே மாற்றினார், நிழல் ஒரு கிளையை அந்தப் பக்கம் நீட்டியது. மேற்கே மாற்றினார், இன்னொரு கிளை. அளக்கிற வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. சீனியம்மாளைக் கூப்பிட்டு, கணினியில் அந்த எண்களைக் கொஞ்சம் சரிசெய்யச் சொன்னார்.

"முடியாது சார்," என்றார் சீனியம்மாள். "அளவு எல்லாம் நேரா சான்றிதழ்க் குழுவுக்குப் போற மாதிரித்தான் வச்சிருக்கேன். இடையில நீங்களும் தொட முடியாது, நானும் தொட முடியாது. இந்தக் கட்டடத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"என்னைப் பழிவாங்குறீங்களா?"

"ஆமா."

வேறு காரணம் கிடைக்காமல், மரம் மறைக்கிறது என்று சந்திரகாசன் குழுவுக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்பினார். அன்று மத்தியானம் சீனியம்மாள் அய்யம்மாளிடம் வந்தார். நிழலுக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, மரம் இல்லன்னு கையெழுத்துப் போட்டவ நானும்தான்," என்றார்.

"தெரியும்," என்றாள் அய்யம்மாள். "அவரு எழுதுற அன்னைக்கு நீங்களும் அதச் சொல்லணும். அதுவரைக்கும் எங்கூட உக்காந்து சாப்பிடக் கூடாது." சீனியம்மாள் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வெயிலில் நின்றே டிபன் பாக்ஸைத் திறப்பார். நிழல் அவரை விலக்கவில்லை, அவராகத்தான் வரவில்லை.

இரண்டாவது சித்திரை நெருங்கும்போது சந்திரகாசன் ஊர்க்கூட்டத்துக்கு வந்தார். நிழல் இருக்கிற இடத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டித் தருகிறேன், முத்துப்பேச்சி பேரிலேயே கட்டுகிறேன், வருஷா வருஷம் பொங்கல் வைக்கலாம் என்றார். எங்களில் பாதிப் பேருக்கு ஆசை வந்துவிட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். அய்யம்மாள் எழுந்தாள்.

"சாமியாக்கிட்டா ஒரு தேங்காயோட முடிச்சிருவீங்க," என்றாள். "அவ சாமியில்ல. சித்தாளு. அவ பேர எழுத வேண்டிய எடம் கோயில் இல்ல, அந்த நோட்டு." ஆசைப்பட்ட பாதிப் பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். கோயில் பேச்சு அதோடு நின்றது.

அதன்பிறகு வேறு நிழல்களும் அவரைக் கைவிட ஆரம்பித்தன. குடை பிடித்தால் குடைக்குக் கீழே வெயில் அடித்தது. காருக்குள் அவர் உட்கார்ந்த பக்கம் மட்டும் கொதித்தது. கடைசியில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, சீனியம்மாள் வெயில் நுழையாதபடி விரற்கடை விரற்கடையாகப் பார்த்துச் சுவரும் தாழ்வாரமும் வைத்த கட்டடத்துக்குள்ளேயே, கான்கிரீட் கூரைக்குக் கீழே, அவர் நாற்காலி மேல் மட்டும் ஆள் அகலத்துக்கு மத்தியான வெயில் விழுந்தது. அறையில் இருபத்தெட்டு, நாற்காலியில் நாற்பத்துமூன்று. பிள்ளைகள் மரியாதையாக அதையும் குறித்துக்கொண்டார்கள். அவர் முகம் தோலுரிந்தது, உதடு வெடித்தது, தூக்கம் கெட்டது. டாக்டர் வெயிலில் அலையாதீர்கள் என்று சொல்லி அனுப்பினாராம். பாவம் என்று நீங்கள் சொல்லலாம். நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு அவர் கார் வரும்போது இன்று எவ்வளவு கறுத்திருக்கிறார் என்று பார்ப்பதற்காகவே டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது சித்திரையில், அளந்த வருஷம் முடிந்து, சான்றிதழ்க் குழு வந்தது. மூன்று பேர். தலைவி பத்மஜா என்று ஓர் அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். கட்டடம் முழுக்கச் சுற்றினார்கள், சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள், மழைத் தண்ணீர் சேர்கிற கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், எல்லாம் அருமை என்றார்கள். உச்சி நேரத்தில், நிழல் கிடக்கிற நடு முற்றத்துக்கு வந்தார்கள். ஊரே அங்கே இருந்தது, சாப்பாட்டு நேரம்.

பத்மஜா அம்மாள் நிழலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார், கிளைகள் ஆடிக்கொண்டிருந்தன. தாள்களைப் புரட்டினார்.

"உங்க சோலார் நாற்பது பங்குதான் குடுத்திருக்கு, மரம் மறைக்குதுன்னு விளக்கம் எழுதியிருக்கீங்க. மனையில மரமே இருந்ததில்லைன்னும் எழுதியிருக்கீங்க. இது எந்த மரத்தோட நிழல் சார்?"

சந்திரகாசன் முற்றத்து நடுவில், தன் ஓட்டைக்குள், வெயிலில் நின்றார். மரமே இல்லை என்றால் விளக்கம் பொய். மரம் இருந்தது என்றால் கையெழுத்துப் பொய், வெட்டிய நாள் வரும், வெட்டிய நாள் வந்தால் அதற்கு மூன்றாம் நாளும் வரும். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் சீனியம்மாள் பேசினார்.

"வாகை மரம் மேடம். எண்பது வயசு. மதிப்பெண்ணுக்காக வெட்டினாங்க. இல்லவே இல்லைன்னு நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். என்னோட கட்டடத்துக்கு நீங்க எதுவும் குடுக்க வேண்டாம்."

அப்போதும் சந்திரகாசன் பேசவில்லை. பத்மஜா அம்மாள் காத்திருந்தார். நாங்கள் சாப்பிடாமல் காத்திருந்தோம். பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. அவர் சட்டை நனைந்து காய்ந்து உப்புப் பூத்தது. தண்ணீர் என்றார். குருவையா டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். யாரும் அசையவில்லை, அய்யம்மாள் மட்டும் எழுந்து அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"கண்ணு இருட்டுதாய்யா?" என்று கேட்டாள்.

அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"இன்னும் கொஞ்சந்தான். முடிச்சுட்டு உக்காருங்க."

அவர் சரளையில் மண்டியிட்டு எழுதினார். வேர்வை சொட்டி எழுத்துக் கலைந்தது. கலைந்த பக்கத்தில் கோடு போட்டு மறுபடி எழுதச் சொன்னாள். அதுவும் கலைந்தது. மூன்றாவது தடவை எழுத்து நின்றது. "வாசிங்க," என்றாள். "எனக்கு எழுத்து தெரியாது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

அவர் வாசித்தார். முத்துப்பேச்சி, வயது இருபத்தாறு, சித்தாள். நிழல் தந்த மரத்தை நான் வெட்டிய மூன்றாம் நாள், ஓய்வு கேட்டும் நான் மறுத்ததால், வேலையிடத்தில் வெயிலில் இறந்தார். குரல் வெடித்து வெடித்து வந்தது, ஆனாலும் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. பத்மஜா அம்மாள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, தன் தாள்களில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுக் காருக்குப் போனார். மற்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள். மரகதம் அன்றோடு போயிற்று, அவருடைய வேலையும் அடுத்த மாதம் போயிற்று.

அய்யம்மாள் பதிவேட்டை வாங்கி முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். சீனியம்மாளைப் பார்த்து, "வாங்கம்மா, சாப்பிடுவோம்," என்றாள். சீனியம்மாள் அழுதுகொண்டே உள்ளே வந்தார், நிழல் அவர் மேல் விழுந்தது.

சந்திரகாசன் மெதுவாக எழுந்தார். இனிமேல் கிடைக்கும் என்று நினைத்துவிட்டார், முகத்திலேயே தெரிந்தது. ஓர் அடி வைத்தார், நிழல் ஓர் அடி விலகியது. இன்னோர் அடி வைத்தார், அதுவும் விலகியது. நின்று, அய்யம்மாளைப் பார்த்தார்.

"எழுதிட்டேனேம்மா. எல்லாம் சொல்லிட்டேனே."

"எழுதுனது எனக்குய்யா," என்றாள் அய்யம்மாள். "நிழலு என்னுதில்ல. நீங்க அத அவகிட்டத்தான் கேக்கணும்."

அவள் தூக்கைத் திறந்து, கம்மஞ்சோற்றில் மோரை ஊற்றி, சீனியம்மாளுக்கு ஒரு கை வைத்தாள். நாங்களும் இலைகளைப் பிரித்தோம். அவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சாப்பிட்டோம்.